பதினேழாம் தேதிக்கு ஒரு கட்டம்

நான் டாக்டர் இல்லை.
டுலூத் நகரத்து மனநல மருத்துவமனையில்
கால்குலேட்டரோடு உட்கார்ந்திருப்பவன்.
போன வருஷம் வரை என் மேசை மூன்றாம் மாடியில்,
கவுன்சிலர் இங்க்ரிட்டின் மேசை தரைத்தளத்தில்.
நடுவில் ஒரு லிஃப்ட். பாதி நாள் ஓடாது.
கீழே அழுதுவிட்டு மேலே வரை
யாரும் ஏறி வந்ததில்லை.

இப்போது ஒரே அறை.
என் நாற்காலி ஜன்னலோரம்.
ஏரி உறைந்து கிடப்பது தெரியும்.

பிப்ரவரியில் டார்லீன் காங்கஸ் வந்தாள்,
முதியோர் இல்லத்து இரவு வேலையின் சீருடையோடு.
'இரண்டு வாரமாகத் தூக்கம் எப்படி?'
இங்க்ரிட் தாளைப் பார்த்துக் கேட்டாள்.
'ஹீட்டர் சத்தத்தைக் கேட்டபடி படுத்திருப்பேன்.
நின்றால் எண்ணெய் தீர்ந்தது என்று அர்த்தம்.'
'பசி?'
'யாருடைய பசி?'
'எதிலாவது கவனம் நிற்கிறதா?'
'பதினேழாம் தேதியில்.
வீட்டுக்காரன் கொடுத்த கெடு அதுதான்.'

இங்க்ரிட் பேனாவை மூடினாள்.
அவள் தாளில் பதினேழாம் தேதிக்குக் கட்டம் இல்லை.
என் தாளில் இருந்தது.

எண்ணெய்க்கு நானூற்றுப் பத்து டாலர்,
வாடகை பாக்கியில் பாதி,
பையன் ஈரோவுக்கு மூக்குக்கண்ணாடி.
'இதற்கு நான் என்ன சொல்லிக் காட்ட வேண்டும்?'
கையெழுத்துப் போடுமுன் கேட்டாள்.
ஒன்றும் வேண்டாம், தேதி மட்டும் போடுங்கள் என்றேன்.

அடுத்த வாரம் சிரித்த முகமாய் வருவாள் என்று
நினைத்திருந்தேன்.
கட்டினால் தீர்ந்தது என்பது கணக்கன் புத்தி.

வந்தாள்.
கோட்டுகூடக் கழற்றாமல் உடைந்து அழுதாள்.
தங்கை ரைலி, ஏரிப் பனி விரிசலில்
வண்டியோடு போனவள்,
நான்கு வருஷம் ஆகிறதாம்.
'வீடு சூடாக இருந்தது. பையன் தூங்கிவிட்டான்.
எண்ணிப் பார்க்க எந்தத் தொகையும் இல்லை.
அப்போதுதான் அவள் வந்து
பக்கத்தில் உட்கார்ந்தாள்.'

அன்று அவளுடைய துயரத்தின் மதிப்பெண்
பதினான்கிலிருந்து பத்தொன்பதுக்கு ஏறியது.
மேலிடத்து அறிக்கையில்
இதற்குப் பெயர் பின்னடைவு.
இங்க்ரிட் எண்ணை எழுதினாள்,
அந்தச் சொல்லை எழுதவில்லை.

நான் வெளியே போகட்டுமா என்று
கண்ணால் கேட்டேன்.
மூக்கைச் சிந்திக்கொண்டு
டார்லீன்தான் சொன்னாள்:
'இருங்கள்.
கரண்ட் பில்லும் கொண்டுவந்திருக்கிறேன்.'