மதிப்பு: ஒரு யூரோ

தனகோட்டி சைக்கிளை விட்டு இறங்கவில்லை.
ஒரு கால் பெடலில், ஒரு கால் எங்கள் வாசற்படியில்.
தபால் பையைத் துழாவிக்கொண்டே சொன்னார்:
"இருநூத்தி நாப்பத்தொண்ணு. சில்லறையா இருக்குமாம்மா?"

சார்செலிலிருந்து நெல்லித்தோப்புக்கு ஒரு உறை.
தடவினால் சின்ன எலும்பு போல ஏதோ தட்டுப்படுகிறது.
பச்சைச் சீட்டில் கஸ்பார் அண்ணனின் சாய்ந்த எழுத்து:
பொருள், சாவி.
எண்ணிக்கை, ஒன்று.
மதிப்பு, ஒரு யூரோ.

அந்த ஒரு யூரோவைச் சென்னையில் யாரும் நம்பவில்லை.
பொருளின் விலை, அது ஏறிவந்த கூலி,
நடக்காத விபத்துக்கு ஒரு காப்பீடு,
மூன்றையும் கூட்டித்தான் மதிப்பாம்.
அதன் மேல் தீர்வை,
தீர்வையின் மேல் மக்கள் நலனுக்கென்று ஒரு தீர்வை,
எல்லாவற்றின் தலையிலும் வரி,
கடைசியில் கையில் கொடுப்பதற்கு ஒரு கட்டணம்.
சுங்கம் தவிர்த்த சோழன் என்று ஒருவனை
ஒன்பதாம் வகுப்பில் இரண்டு மார்க்குக்குப் படித்தேன்.
இரண்டு மார்க்கும் கிடைத்தது.

தலைமை அஞ்சலகத்துக்குப் போன் போட்டேன்.
இந்த ஊர்ச் சாவிங்க, பெரிய மார்க்கெட் பின்பக்கம்
காலிது பாய் அரம் வைத்து ராவிக் கொடுத்த பித்தளை.
இது திறக்கிற பீரோ
இதோ என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது.
இதில் எது வெளிநாடு?

அந்தப் பெண் பொறுமைசாலி.
"வெளிய போயிட்டுத் திரும்பி வந்தாலும் இறக்குமதிதாங்க.
போகும்போது பதிவு பண்ணீங்களா?"

அம்மாவின் முப்பதாம் நாள் பூசைக்கு மறுநாள்
பாகப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாமல்
சாவியைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
மீனம்பாக்கத்துக்கு டாக்சி பிடித்தான்.
பதினோரு வருஷம்.
என்ன கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டிருந்தால்
ஊறுகாய் என்று சொல்லியிருப்பான்.

மகன் போனில் சுங்க அட்டவணையைக் காட்டினான்.
பூட்டுக்கு ஒரு எண்.
பூட்டில்லாமல் தனியாக வரும் சாவிக்கு வேறு எண்.
குதிரைமயிருக்கு உண்டு, பொய்ப்பல்லுக்கு உண்டு,
உடைந்த கண்ணாடிச் சில்லுக்கும் உண்டு.
எதிலும் சேராதவை
ஒவ்வொரு பத்தியின் அடியிலும்
"மற்றவை" என்று படுத்திருக்கின்றன.
பேசாமல் இருந்த வருஷங்களை அங்கேதான் தேடினேன்.
பீரோ பிரெஞ்சுச் சொல்லாம்,
சாவி போர்த்துகீசியக் கப்பலில் வந்ததாம்.
இரண்டும் எவனுக்கும் எதுவும் கட்டாமல் இறங்கி
எங்கள் வாயிலேயே குடியேறிவிட்டன.

கட்டினேன்.
உறையைக் கிழித்தால் கடிதம் இல்லை.
சாவியின் காதில் அம்மா சுற்றிய சிவப்பு நூல்
கறுத்து, கெட்டித்து, அப்படியே.
அதற்குத் தனிக் கணக்குப் போடவில்லை.

பீரோவின் பூட்டை நான் இரண்டாம் வருஷமே உடைத்துவிட்டேன்.
மகளின் நர்சிங் படிப்பு, மூன்றாம் தவணை.
லாஸ்பேட்டை அடகுக்கடைக்குப் போன நாலு வளையலும்
எந்தப் படிவத்திலும் திரும்பவில்லை.
இப்போது அந்தக் கதவு திறந்துகொள்ளாமல் இருப்பது
மடித்துச் செருகிய மாத்திரை அட்டையால்.

இரவு அவனே கூப்பிட்டான்.
குரல் தடித்திருந்தது, எங்கள் அப்பாவுடையது போல.
"வந்துச்சா? ஏதும் பணம் கேட்டாங்களா?"
இல்லை என்றேன்.
"திறந்து பார்த்தியா லியோனி? எல்லாம் இருக்கா?"
இருக்கு என்றேன்.
அங்கே பனி என்றான்.
இங்கே கொசு என்றேன்.
அப்புறம் கொஞ்ச நேரம்
இரண்டு பேருமே எதையும் அறிவிக்கவில்லை.

இருநூற்றைம்பதுக்கு மீதி ஒன்பது ரூபாயை
தனகோட்டி இன்னும் தரவில்லை.
நாளைக்குக் கேட்கவேண்டும்.
நாளைக்கு ஞாயிறு.