இரண்டு ஒன்றரை

சென்ட் ஜோன்ஸில்
நிகழ்ச்சி நேரங்களை வாசித்து முடித்த வானொலிக்காரர்
"நியூபவுண்ட்லண்டில் அரைமணி பிந்தி" என்பார்,
கடைசிப் பந்திக்கு மிச்சம் எடுத்துவைப்பதுபோல்.

வந்த புதிதில் சிரிப்பு வந்தது.
பிறகுதான் கணக்குப் பார்த்தேன்:
வவுனியாவிலும் ஓர் அரை, இங்கும் ஓர் அரை,
கழித்தால் பின்னமே இல்லை.
கோடையில் எட்டு, குளிரில் ஒன்பது.
அங்கே இப்போது பேச ஆளில்லை என்பது வேறு.

அக்கா டண்டினோங்கில், சின்னண்ணா ஒஸ்லோவில்.
காணி உறுதிக்கு மூன்று கையெழுத்து வேண்டுமென்று
சட்டத்தரணி எழுதி எட்டு மாதம்.
இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, ஆகவே
நேரம் குறிக்கிற வேலை எனக்கு.

அக்காவுக்குச் சனி ஏலாது, மகளுக்கு நீச்சல்.
அண்ணாவுக்குப் பின்னேரம் ஏலாது, பஸ்.
ஒக்டோபர் முதல் ஞாயிறு மெல்பேண் முன்னே பாயும்,
கடைசி ஞாயிறு ஒஸ்லோ பின்னே நகரும்,
அதற்கடுத்த ஞாயிறு நாங்கள்.
எல்லாவற்றையும் மும்முறை சரிபார்ப்பேன்.

காரணம் உண்டு.
இரண்டாயிரத்து மூன்று, ஆவணி.
ஓமந்தைக்கு இங்கால் புதிய நேரம்,
அங்கால் பழைய நேரம்,
நடுவில் ஒருவருக்கும் சொந்தமில்லாத அரைமணி.
அக்காவின் கலியாணக் கடிதத்தில்
ஒன்பது பன்னிரண்டிலிருந்து பத்து நான்கு வரை என்று
என் கையால் எழுதினேன்.
எந்த நேரம் என்று எழுதவில்லை.
பதினேழு வயது. எழுத்து மட்டும் வடிவாயிருந்தது.

கிளிநொச்சியிலிருந்து சின்னண்ணா வந்து இறங்கியபோது
அவன் மணிக்கட்டில் ஒன்பது நாற்பது.
மண்டபச் சுவரில் பத்துப் பத்து.
மாப்பிள்ளைத் தோழனின் தலைப்பா
பெரியம்மாவின் மகன் தலையில் இருந்தது.
"அவனுக்கு நான் முக்கியமில்லை" என்றாள் அக்கா.
"ஒரு அரைமணி காத்திருக்க ஏலாதோ" என்றான் அவன்.
நான் பாயசம் பரிமாறப் போய்விட்டேன்.
இருபத்தொரு வருடமாகப் பரிமாறிக்கொண்டிருக்கிறேன்.

இந்தமுறை ஒருவாறு குறித்தேன்:
எனக்கு ஞாயிறு அதிகாலை ஒன்றரை,
அக்காவுக்குப் பிற்பகல் மூன்று,
அண்ணாவுக்கு விடிய ஆறு, டிப்போவில் பஸ் எடுக்கமுன்.
வேலை முடிந்து வந்து தேத்தண்ணி ஊற்றினேன்.

ஒன்றரைக்கு அக்கா வந்தாள். அண்ணா இல்லை.
ஒன்று நாற்பது.
ஒன்று ஐம்பது.
"பாத்தியே" என்றாள்.
ஒன்று ஐம்பத்தொன்பதுக்குப் பிறகு
போன் மறுபடி ஒன்று என்றது.

இந்த ஓர் இரவில் ஒன்றரை இரண்டு.
அக்காவுக்கு முதலாவதைக் கணக்கிட்டிருக்கிறேன்,
அண்ணாவுக்கு இரண்டாவதை.
மும்முறை சரிபார்த்த அதே கை.

சொன்னேன். இதைச் சொன்ன வாயால் அதையும் சொன்னேன்,
கலியாணக் கடிதத்தில் விடுபட்ட ஒரு சொல்லை.
டண்டினோங்கில் தண்ணீர்க் குழாய் நெடுநேரம் ஓடியது.
பிறகு போனைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்துவிட்டுப்
பயத்தங்காய் முறிக்கத் தொடங்கினாள்.
"அப்ப இன்னும் அரைமணி கிடக்கு."

இரண்டாவது ஒன்றரைக்கு,
சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் பிசகாமல்,
கம்பளித் தொப்பியோடு அண்ணாவின் முகம்.
பின்னால் இருட்டு, பனி, யாரோ பஸ்ஸைச் சூடாக்கும் இரைச்சல்.
எவரும் பேசவில்லை.
ஒரு பயத்தங்காய் முறிந்தது.

"என்ன தோழரே," என்றாள் அக்கா, "தலைப்பா எங்க?"

அவன் தொப்பியைத் தொட்டுப் பார்த்தான்.

காணி விசயம் முடியவில்லை.
கிணற்றுப் பக்கம் யாருக்கென்று புதுச் சண்டை,
வாற ஞாயிறு தொடரும்.
என் அடுப்பிலுள்ள கடிகாரம்
பங்குனி வரை ஒரு மணி முந்தித்தான் ஓடும்.
அதை மாற்றுகிற பொத்தான் எதுவென்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.