சீம்பால்

சிலோயேவுக்குத் தெற்கே மரமும் மழையுமான ஒரு தீவு.
டிசம்பர். இங்கே அதுதான் கோடை.
மழை பக்கவாட்டில் பெய்கிறது.

பாறைக்குப் பாறை கடல்நாய்க் குட்டிகள்.
ஒன்றைப் பின்துடுப்பு பிடித்துத் தூக்கி
துணிப்பையில் இட்டுத் தராசில் தொங்கவிட்டேன்:
நான்கு கிலோ இருநூறு.
போன வாரம் நான்கு எழுநூறு.
பென்சிலால் எழுதிக்கொள்கிறாள் ஒர்தென்சியா.
இந்த மழையில் பேனா பொய் சொல்லும்.

முதுகில், மருந்துக்கடைத் தலைச்சாயத்தால்
நாங்கள் பொன்னிறமாக்கிய எண், அறுபத்தொன்று.
உதட்டை விலக்கினேன்.
ஈறு, துவைத்துத் துவைத்துச் சாயம் போன துணி.

நேற்று முப்பத்தெட்டு செத்தது.
குடலை நீளவாக்கில் திறந்தோம்.
தைத்து முடித்தவர் பல்லால் கடித்துத் துப்பிய
நூல் துண்டுகள் போலக் கொக்கிப்புழுக்கள்,
ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு சிவப்புப் புள்ளி.
அறுநூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணியபோது
ஜெனரேட்டர் நின்றுவிட்டது.

இருட்டில், வாசலில் நின்ற படகோட்டி
எலியோதோரோ சிகுவாய் கேட்டார்:
மண்ணிலிருந்து ஏறியதா?

மண்ணிலிருந்துதான்.
ஆனால் ஏறியது தாய்க்குள், என்றோ, தோல் வழியாக.
அவளை அது தின்னாது.
வயிற்றுக் கொழுப்பில் சுருண்டு தூங்கும்.
அவள் ஆழத்துக்குப் போனால் கூடவே போகும்,
நெத்திலியைத் துரத்தினால் கூடவே துரத்தும்.
பிறகு ஒருநாள்
பால் ஊறும் ஓசை கேட்டு
விழிக்கும்.
முதல் சில நாள் பாலில் மட்டும் வரும்.
சீம்பாலில்.

அவர் கையில் பால்மாவு கரைத்த காப்பி.
கீழே வைக்கவில்லை.
குடிக்கவும் இல்லை.

மருந்து இருக்கிறது, பச்சைப் பெட்டியில்.
ஒரே ஊசி. சில நாளில் புழு கழிந்துவிடும்.
பாதிக் குட்டிகளுக்கு உண்டு, பாதிக்கு இல்லை.
நூறு பெசோ நாணயத்தைச் சுண்டியது
என் கட்டைவிரல்தான்.
தலை விழுந்தவற்றுக்கு ஊசி.
அறுபத்தொன்றுக்குப் பூ.

இன்னொரு தடவை சுண்டக் கூடாதா, என்றார்.
சுண்டினால் பதில் கிடைக்காது, என்றேன்.
குட்டி கேள்வி கேட்டதா, என்றார்.

அன்றிரவு அறுபத்தொன்றின் சாணத்தை
உப்புநீரில் கரைத்து நுண்ணோக்கியில் வைத்தேன்.
முட்டைகள் மிதந்து மேலே வந்தன,
கண்ணாடி போன்ற ஓடு,
உள்ளே நாலைந்து அறைகளாகப் பிரிந்த கருமை.
அழகாயிருந்தன.
அதை எழுத அட்டவணையில் கட்டம் இல்லை.

ஐந்தாம் நாள் அவள் கடலிலிருந்து வந்தாள்.
பாறை உச்சியில் ஈரம் சொட்ட நின்று
ஒரு குரல் கொடுத்தாள்.
இருநூறு தாய்கள் கத்தும் கரையில்
ஒரேயொரு பொன்னிற எண் தலை தூக்கியது.
எழுந்தது, சரிந்தது,
செத்த குட்டியொன்றின் மேலேறி இறங்கியது,
போய்ச் சேர்ந்தது.

சீம்பால் நாள்கள் முடிந்துவிட்டன.
இப்போது அது வெறும் பால்.
ஊசியைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.
எப்போது எடுத்தேனென்று நினைவில்லை.
ஒர்தென்சியா பார்த்தாள், பென்சிலைச் சீவினாள்.

மறுநாள் காலை பையின் வாயை
எலியோதோரோ விரித்துப் பிடித்தார், யாரும் சொல்லாமலே.
ஊசி இன்னும் என் பையில், மூடி கழற்றாமல்.
நான்கு கிலோ முந்நூற்றைம்பது.
நூற்றைம்பது கிராம் கூடியிருக்கிறது.
அதில் குட்டி எவ்வளவு, புழு எவ்வளவு,
தராசு பிரித்துச் சொல்வதில்லை.