மாரியம்மன் கோயில் தெரு, ஐந்தாம் எண்

காவேரிப்பட்டணத்து மாங்கூழ் ஆலைக்குள்
யாரையும் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.
கரண்ட் வந்ததும் ஒவ்வொரு சென்சாரும் எழுந்து
ஊருக்கே கேட்கக் கூவும்:
நான் கொதிகலன், என் சூடு இவ்வளவு,
வேண்டியவர் உண்டா?
வேண்டியவர் கைதூக்குவார்.
மூன்று நொடியில் சம்பந்தம் பேசி முடிந்துவிடும்.
தரகர் கிடையாது.

ராயக்கோட்டைக் குளிர்கிடங்குதான் தகராறு.
நடுவில் முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர்,
தக்காளி லாரிகள்,
யாரோ வாடகைக்கு விட்ட ஒரு கம்பி.

கூவலின் ஆயுள் ஒன்று என்றிருந்தது.
ஒரு வாசல் தாண்டினால் அதோடு சரி.
முப்பத்திரண்டாக்கினேன்.
ஆயுள் இருந்தது, வழியில்லை.
ஊருக்கே கேட்கிற குரலை
ரவுட்டர் தெருவுக்கு விடுவதில்லை.

ஆகவே கல்யாணப் பத்திரிகைபோல்
ஒவ்வொரு விலாசமாக எழுத வேண்டும்.
இரவு பதினொன்றரை. போனில் திம்மராயன்.
கிடங்குக்கு ஆபரேட்டரும் அவர்தான், வாட்ச்மேனும் அவர்தான்.
பெட்டியில் ஒட்டிய எண்ணைத்
தெலுங்கில் படிக்கிறார்.
தொம்மிதியா, தொம்பையா?
"தொம்மிதி மேடம். ஒம்போது."
தொண்ணூறை அழித்தேன்.

பிறகு அங்கிருந்து குரல் வந்தது.
இங்கிருந்து பதில் போனது.
போன பதில் சேரவில்லை.

ஒரு மணிக்குப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தால்
அது தன் விலாசம் என்று சொல்லியிருப்பது
வீட்டுக்குள் புழங்கும் விலாசம்.
மாரியம்மன் கோயில் தெரு, ஐந்தாம் எண் என்பதுபோல.
எந்த ஊரில் இல்லை அந்தத் தெரு?
எங்கள் ஆலையிலும் உண்டு.
ஐந்தாம் எண்ணில் லேபிள் அடிக்கும் பிரிண்டர்.
இத்தனை நேரமும்
ராயக்கோட்டைக்குப் போட்ட கடிதமெல்லாம்
வாங்கி வைத்துக்கொண்டு
வாய் திறக்காமல் இருந்திருக்கிறது, பாவி.

வெளியே சொல்ல வேண்டிய விலாசம்
என்று ஒரு வரி சேர்த்தேன்.
கிடங்கை எழுப்பச் சொன்னேன்.

அறை நான்கு. மைனஸ் பதினெட்டு.

இன்னும் ஒரு வரி பாக்கி:
எத்தனை நொடி பேசாதிருந்தால்
இறந்ததாக வைத்துக்கொள்வது?
இருபது என்று கொடுத்திருந்தார்கள்.
ராயக்கோட்டை மழைக்கு
நாளைக்கு நாற்பது தடவை
செத்துச் செத்துப் பிறக்கும் அந்தக் கிடங்கு.
நூறு போட்டேன்.

"கம்ப்ரசர்ல ஏதோ சத்தம், இருங்க மேடம்"
என்று போனை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.
ஃபேன் ஓடுவது கேட்டது.
ஒரு நாய்.
எங்கோ ஷட்டர் ஏறியது, இறங்கியது.
திரையில் நிமிடம் நான்கைத் தாண்டியது.

"லைன்லதான் இருக்கீங்களா?"

இருக்கிறேன் என்றேன்.
நூறை அழித்து முன்னூறு என்று அடித்தேன்.
ஏன் என்று காலையில் மேலாளர் கேட்பார்.
மழை என்று சொல்லிக்கொள்ளலாம்.