சராசரித் தரம்

பயின்னவுங் சந்தையில் காலை ஏழு மணிக்கு
என் நாட்டின் வளர்ச்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.
புடவைத் தலைப்பில் சின்னக் கொடி குத்தியிருந்தது.
ஊ சோ லிவின் அப்போதுதான்
மூட்டைக்குள் குத்தூசியை விட்டு
ஒரு பிடி உளுந்தை என் உள்ளங்கையில் கொட்டினார்.
நீளமாக ஏதோ சொன்னார்.
"பாருங்கன்னு சொல்றார்" என்றார் சன்னாசி.
சன்னாசி எங்கள் அலுவலகத்து மொழிபெயர்ப்பாளர்,
யாங்கோனில் பிறந்தவர், சந்தையில் அவர் பெயர் கோ மியோ.
கேட்பதில் பாதியை விழுங்கிவிடுவார்.
அந்தப் பாதிக்குத்தான் சம்பளம் என்பார்.

உளுந்தில் இங்கே இரண்டு தரம்.
எஸ்.க்யூ. என்றால் பருமன், பளபளப்பு, தனிச்சிறப்பு.
எஃப்.ஏ.க்யூ. என்றால் நியாயமான சராசரி.
போன வருட மதிப்பீட்டில்
மேலதிகாரி எனக்கும் ஏறக்குறைய இதைத்தான் எழுதியிருந்தார்.

தராசுக்காரன் "பெய்த்தா" என்று கத்த,
சன்னாசி "வீசை" என்றார்.
எங்கள் ஊர்க் கடைகளிலிருந்து
கிலோ வந்ததும் காணாமல் போன சொல்.
கடல் தாண்டி வந்து
இவர் வாயில் இன்னும் எடை போட்டுக்கொண்டிருக்கிறது.

போன மாதம் சூலே பகோடா சாலை ஓட்டலில்
வாங்குவோர் விற்போர் சந்திப்பு நடத்தினேன்.
நாற்காலி நூறு. வந்தவர் முப்பத்தொன்று.
அதில் ஒன்பது பேர் சமோசாவுக்கு.
கோயம்புத்தூர் பம்புசெட்டுக்காரர்
பெயரட்டை தீரும்வரை கைகுலுக்கினார்.
நடுவில் கரண்ட் போனது.
'ஒளிமயமான உறவு' என்ற பலகை
இருட்டில் இருபது நிமிடம் நின்றது.
"பயனுள்ள உரையாடல்" என்று தில்லிக்கு எழுதினேன்.
என்ன பயன் என்று தில்லி கேட்கவில்லை.
தில்லியிடம் எனக்குப் பிடித்த குணம் அது.

இன்று வந்தது அதற்கெல்லாம் இல்லை.
நேற்றிரவு ஒரு சுற்றறிக்கை.
பருப்பு இறக்குமதிக்கு உச்சவரம்பு,
அடுத்த திங்கள் முதல்.
எங்கள் பக்கமும் விலை விழுந்து
உளுந்தை ரோட்டில் கொட்டியிருக்கிறார்கள்,
படம் பார்த்தேன், பொய்யில்லை.
வியாபாரத்தை வளர்க்க அனுப்பப்பட்டவள்
கதவு சாத்துவதை மரியாதையாகச் சொல்ல வேண்டும்.
வாக்கியத்தை நான்கு முறை ஒத்திகை பார்த்திருந்தேன்.

"தெரியும்" என்றார் ஊ சோ லிவின், தமிழிலேயே.
சென்னைத் தரகன் நடுராத்திரி போனில் அழுதானாம்.
தூதரகம் எப்போதும் தரகனுக்குப் பின்னால்தான்.
வரம்பைப் பற்றி அவர் கேட்கவேயில்லை.
கேட்டது ஒன்றுதான்:
துறைமுகத்தில் அவருடைய பெட்டி நிற்கிறது.
புகையடித்த சான்றிதழில்
தங்கவேலு அண்டு சன்ஸில் ஓர் எச் விட்டுப்போயிருக்கிறது.
கப்பல் சனிக்கிழமை.

மதியம் முழுக்க அந்த எச்சுக்காகப் போன் செய்தேன்.
சுங்கத்துக்கு, வேளாண் துறைக்கு,
சாப்பிடப் போனவருக்கு, சாப்பிட்டு வராதவருக்கு.
சென்னையில் ஒருவர் என்னைப் பெட்டிக்காரரின் மகள் என்றே நினைத்தார்.
நான் திருத்தவில்லை.
ஐந்தே முக்காலுக்கு முத்திரை விழுந்தது.
இருபத்துநாலு டன், நியாயமான சராசரி.

அறிக்கையில் "எழுத்துப்பிழை ஒன்று நீக்கப்பட்டது" என்று எழுதினேன்.
இம்முறை தில்லி கேட்டது:
டாலரில் எவ்வளவு?

கார் ஏறும்போது சன்னாசியைப் பிடித்தேன்.
காலையில் விழுங்கியது என்ன?
வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.
"உங்களுக்குப் பசிச்சா நாங்க பக்கத்து வீடு,
வயிறு நிறைஞ்சா வெளிநாடுன்னார்.
அப்புறம்தான் பாருங்கன்னார்."

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
இரவு கொடியைக் கழற்றிக் கைப்பையில் போட்டேன்.
அடியில் ஏழெட்டு உளுந்து கிடந்தது.
ஊசி முனையில் ஒன்று
தோல் கிழிந்து வெள்ளையாகத் தெரிந்தது.