நுரைக்கல்

மகனுக்கு ஸ்டெய்ன் என்று பெயர் வைத்தோம்.
எங்கள் ஐஸ்லாந்தில் அதற்குக் கல் என்று பொருள்.
அக்டோபரில் ஒரு நாள்
ஷூவைக் கழற்றித் தலைகீழாய் உதறினான்.
ஒன்றும் விழவில்லை.
மறுபடி உதறினான்.
"கல் உள்ளேதான் இருக்கிறது" என்றான்.
காலுக்குள்ளே.

வலது குதிகாலில், பட்டாணியளவு,
தோலோடு தோலாய் அமுங்கிக் கிடந்தது.
நடுவில் கறுப்புப் புள்ளிகள், நான்கோ ஐந்தோ.
விதையா, முளைக்குமா என்று கேட்டான்.
ஆணி என்றாள் கீழ்வீட்டு தோர்கெர்தூர்.
செவிலி ராக்னா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
ஆணி இல்லை, மரு;
விதையில்லை, உறைந்த ரத்தம் என்றாள்.
ஹூசாவிக் நீச்சல் குளத்து ஈரத் தரையில்
யாரோ விட்டுப்போனதை இவன் மிதித்திருக்கிறான்.
"தானாகவே போகும். ஒரு வருஷம், இரண்டு வருஷம்."
எட்டு வயதுக்காரனிடம்
இரண்டு வருஷம் என்று சொல்லிப் பாருங்கள்.

உறைய வைத்தோம்.
ஏழு மாதம் குளிர் நிற்கிற ஊரில்
குளிரைக் குப்பியில் வேறு அடைத்து வைத்திருக்கிறார்கள்.
புகைந்துகொண்டு வந்தது அது.
என் ஸ்வெட்டர் கையைக் கடித்துக்கொண்டான்;
பல் பட்ட கம்பளி இன்னும் பிரிந்தே இருக்கிறது.
இரவு கொப்புளம்.
மூன்று வாரம் கழித்து, இரண்டாம் முறைக்கு,
காரை விட்டு இறங்கவில்லை.
கதவுக் கைப்பிடியைப் பிடித்த பிடியில்
பெயருக்கு ஏற்ற பிள்ளை என்று தெரிந்தது.
ராக்னா வெளியே வந்தாள், கோட்டு போடாமல்.
குனிந்து, கண்ணாடி வழியே,
"சரி, வேண்டாம்" என்றாள்
அவனிடம். என்னிடம் இல்லை.

பிறகு அது தினசரி வேலையானது.
மீன் தொழிற்சாலைக்கு இரவு ஷிஃப்ட் கிளம்புமுன்
வாளியில் வெந்நீர், பத்து நிமிஷம்.
பூமிக்கடியிலிருந்து வரும் எங்கள் வெந்நீருக்கு
லேசாய் அழுகிய முட்டை வாசனை.
துடைத்து, நுரைக்கல்லால் தேய்க்க வேண்டும்.
எரிமலை என்றைக்கோ சும்மா துப்பியது,
நான் மருந்துக்கடையில் காசு கொடுத்து வாங்கியது.
வெள்ளைத் தோல் மாவாய் உதிரும்.
வலித்தால் நிறுத்துவேன்; அது ஒப்பந்தம்.
சுற்றிலும் வாஸலின், நடுவில் ஒரு சொட்டு அமிலம்,
மேலே பிளாஸ்திரி.
வியாழக்கிழமை நீச்சல் வகுப்புக்கு ஒரு ரப்பர் காலுறை.
வாத்துக்கால் என்று கத்தினார்களாம்.
மறுவாரம் இரண்டு காலிலும் போட்டுக்கொண்டு போனான்.

ஒழுங்காகச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன்.
டிசம்பரில் ஒன்பது நாள் விட்டுப்போயிற்று.
பதினொரு மணிக்கு விடிந்து
மூன்றுக்கு இருட்டுகிற மாதம்.
சாக்கல்ல, தகவல்.
கப்பலிலிருந்து அவன் அப்பா கூப்பிட்டபோது
முதலில் குதிகாலைத்தான் விசாரித்தார்.
தினமும் தேய்க்கிறேன் என்றேன்.
ஸ்டெய்ன் பக்கத்தில்தான் இருந்தான்.
ஒன்றும் சொல்லாமல்
நுனிக்காலில் நடந்து போய்
வாளியை எடுத்து வைத்தான்.

ஜனவரியில் என் கட்டைவிரல் முட்டியில்
ஒன்று முளைத்தது.
வெறுங்கையால் தேய்த்த பலன்.
அவனுக்கு வந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!
உண்டியல் காசில் எனக்கென்று தனிக் கல் வாங்கினான்:
"ஒருவர் கல்லை இன்னொருவர் தொடக்கூடாது,
ராக்னா சொல்லியிருக்கிறாள்."
இல்லாத கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு
என் கையை வாளியில் முக்கினான்.
வலிக்கிறதா, வலிக்கிறதா என்று
ஒவ்வொரு தேய்ப்புக்கும் கேட்டான்.
நான் இத்தனை தடவை கேட்டதில்லை.

எந்த நாளில் போனது என்று தெரியாது.
மார்ச்சில் ஒரு மாலை
பாதத்தைத் திருப்பிப் பார்த்தால்
தோலின் ரேகைகள் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தன,
எதையும் சுற்றிப் போகாமல்.
ஒருவேளை இடது காலோ என்று
அதையும் திருப்பிப் பார்த்தோம்.

என்னுடையது இன்னும் இருக்கிறது.
ஏழு மணிக்கு வாளியோடு வருகிறான்,
குதிகால் தரையில் தடதடக்க.
தோர்கெர்தூர் கீழேயிருந்து துடைப்பக் கட்டையால்
இடிக்கிறாள்.
இடிக்கட்டும்.