சோதனைப் படம்

திரானாவில், லானா ஆற்றோரம்
கைப்பேசிகளுக்குக் கண்ணாடி மாற்றுகிறவன் நான்.
ஆறு என்பது மரியாதைக்கு.
சிமென்ட் வாய்க்கால்தான் அது.

ஏப்ரல் மழையில் வந்து நின்றாள் அர்லிந்தா.
சீட்டில் பெயர் எழுதும் முன்பே எனக்குத் தெரியும்.
அவள் மொட்டைமாடி தெரியும்,
அவள் கோப்பையில் நுரையால் வரைந்த இலை தெரியும்,
நேற்றிரவு வந்த கடலும் மஞ்சள் உடையும் தெரியும்.
இரண்டு மணிக்கு, போர்வைக்குள்,
கட்டைவிரலால் தள்ளித் தள்ளி
வயிறெரியப் பார்த்தவை எல்லாம்.
இருவருக்கும் பத்தொன்பதுதான்.
அவளுக்கு எப்போதும் கோடை.
எனக்கு இந்த ஸ்டூல், கடுகளவு திருகாணிகள்,
பசை வாடை போகாத நகங்கள்.

"ஒரிஜினல் கண்ணாடியா, சாதாரணமா?"
விலை கேட்டாள்.
லெக் நாணயங்களை மேசையில் அடுக்கி
ஒருமுறை எண்ணி, கலைத்து, மறுபடி எண்ணி
சாதாரணமே போதும் என்றாள்.

மாற்றி முடித்தால் கேமராவைச் சோதிக்க வேண்டும்.
அது தொழில்.
ஒன்று எடுத்தேன்.
சரியாக விழுந்ததா என்று தொட்டதும்
அதன் பின்னால் இருந்தவையும்
வரிசையாக வந்து நின்றன.
பார்க்கக் கூடாது.
பார்த்தேன்.

அதே கடல், அதே மஞ்சள், எண்பத்தேழு முறை.
ஒன்றில் முடி வாய்க்குள்.
ஒன்றில் தும்மல்.
ஒன்றில் குப்பைப் பையோடு குறுக்கே போகும் ஒருவர்.
பதினெட்டாவதில் உதடு சிரிக்கிறது, கண் இன்னும் வந்து சேரவில்லை.
ஐம்பதுக்கு மேல் வெளிச்சம் சாய்ந்து
கை ரோமம் சிலிர்த்து நிற்கிறது.
எழுபத்திரண்டில் அழுதிருக்கிறாள்,
அல்லது மணல் விழுந்திருக்கும்.
கடைசியில் கொஞ்சம் வானம், கொஞ்சம் பாறை:
கைப்பேசி நழுவியிருக்கிறது.

நான் வயிறெரிந்தது அறுபத்து நாலாவது.

"எதையாவது பார்த்தாயா?"
கேமராவை மட்டும், என்றேன்.
காது சுட்டது.

வாங்கிப் பார்த்தாள், நான் எடுத்ததை.
பாதிப் படம் என் விரல்.
மீதியில் ஈரத் தலையோடு அவள்,
கன்னம் உப்பப் புரெக் தின்றுகொண்டு,
மேலங்கியெங்கும் பொரிந்த மாவுத் துகள்.
அழித்துவிடவா என்று கேட்டேன்.
பதில் இல்லை.
விரலால் பெரிதாக்கி
அந்தத் துகள்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிறகு மூக்கால் ஒரு சிரிப்பு.
"கிடக்கட்டும்."
பைக்குள் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிவிட்டாள்.

பன்னிரண்டு நாள் ஆகிறது.
அந்தப் படம் அவள் பக்கத்தில் வரவில்லை.
எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.
ஆமாம், அதே போர்வை, அதே இரண்டு மணி.
ஆனால் இப்போதெல்லாம்
யாருடைய கடல் வந்தாலும்
முதலில் தோன்றுவது,
ஐயோ, குளிருமே.